கடைசியாக எப்போது பேசினாள்?

ஜூன் 3, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இன்று எனக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஆவுடை ஒரு நாளில் என்னென்ன வார்த்தை சொல்கிறாள் என்று தினமும் எழுதிவைக்க வேண்டுமாம். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் போன வருஷம் கொடுத்த டைரி காலியாகக் கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்தி எழுதுகிறேன்.

ஆவுடை என் மனைவி. போன அக்டோபரில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. கால் ஓரளவு திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்து நடக்கிறாள். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, பதில்தான் வராது. என்ன கேட்க நினைத்தாலும் வாயில் ‘வெண்டைக்கா’ என்றே வருகிறது. தண்ணீருக்கும் வெண்டைக்கா, ஃபேனுக்கும் வெண்டைக்கா. இத்தனைக்கும் வெண்டைக்காயைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. சமயத்துக்கு வண்டி கிடைக்கவில்லை.

இன்றைய வார்த்தைகள்: வெண்டைக்கா. இல்ல. போ. (‘போ’ எனக்குச் சொன்னது.)

ஜூன் 6, வியாழன்

வார்த்தைகளை மட்டும் எழுதினால் டைரியில் நாலு வரிகூட வராது போலிருக்கிறது. அதனால் என் பாட்டையும் எழுதுகிறேன்.

நான் பார்மசி கல்லூரியில் எலிக்கூடம் பார்ப்பவன். இருபத்திரண்டு வருஷமாகிறது. கூண்டில் உமி மாற்றுவது, தீனி, தண்ணீர், எடை பார்த்து எழுதுவது எல்லாம் என் வேலை. இன்றுமுதல் ஜுலைகாவின் பெரிய ஆராய்ச்சி. மேலப்பாளையத்துப் பெண், மூன்று வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இந்தச் சோதனை சரியாக வந்தால்தான் பட்டம். உதவித்தொகை ஆகஸ்டோடு முடிகிறது.

பன்னிரண்டு எலிகள். ஒவ்வொன்றையும் மயக்கத்தில் போட்டு, கழுத்தில் மூளைக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கொஞ்ச நேரம் நூலால் கட்டி, பிறகு அவிழ்த்துவிட்டாள். ஆறு எலிக்கு மருந்து, ஆறுக்கு வெறும் உப்புத் தண்ணீர். ரத்தம் குறையும்போது மூளையின் உயிரணுக்கள் சாகாமல் இந்த மருந்து காப்பாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

“எதுக்கு மருந்து, எதுக்குத் தண்ணி?” என்று கேட்டேன்.

“எனக்கே தெரியாது அண்ணாச்சி. புரொபசர் சார் ஏ, பி-ன்னு மட்டும் சீசால எழுதிக் குடுத்துட்டாங்க. தெரிஞ்சா நம்ம மனசு ஒரு பக்கமா சாஞ்சிரும்லா.”

நல்ல ஏற்பாடுதான். அடையாளத்துக்கு மஞ்சள் சாயத்தைத் தலையில், முதுகில், வாலில் தொட்டு வைத்தோம். கல்யாணத்துக்குச் சந்தனம் பூசிய மாதிரி இருந்தன.

ஆவுடையிடம் சொன்னேன், சிரித்தாள். வார்த்தைகள்: வெண்டைக்கா. வேணாம்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் போய்ப் பார்த்தால் சில எலிகள் நன்றாகவே நடமாடுகின்றன. நாலைந்து மட்டும் மூலையில் சுருண்டு கிடக்கின்றன. தலையில் மஞ்சள் வைத்தது ஒன்று வலப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. தீனி மேலே கம்பித்தட்டில் இருக்கிறது, எட்டிக் கடிக்க அதற்குச் சக்தி இல்லை. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். சொட்டுக்குழாயில் கொஞ்சம் குளுக்கோஸ் தண்ணீர். மூக்கைத் துடைத்துக்கொண்டு தின்றது.

அதே மாதிரி மற்ற நாலுக்கும். அவ்வளவுதான், பெரிய வேலை ஒன்றும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் போய் ஊட்டிவிட்டு வந்தேன். பகலில் ஆவுடைக்குத் துணை இருக்கும் பக்கத்து வீட்டு கிளாடிஸ் டீச்சர், “சண்டே கூடவா அண்ணாச்சி? எலிக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கியளா?” என்று கிண்டல் செய்தார்கள்.

மதியம் ரசஞ்சோறு. ஆவுடைக்கு இடது கையால் சாப்பிட வரும். ஆனாலும் நான் பிசைந்து கொடுத்தால் பேசாமல் வாயைத் திறக்கிறாள். நான் தெரிந்துகொண்ட ஒரே வைத்தியம் இதுதான்: அவசரப்படாமல், ஒரு வாய் உள்ளே போனபின் அடுத்த வாய்.

வார்த்தைகள்: இல்ல. உப்பு. (உண்மையிலேயே உப்பு குறைவு. ஒரு துள்ளு துள்ளிவிட்டேன். டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டினார்கள்.)

ஜூன் 12, புதன்

ஜுலைகா டீ குடித்துக்கொண்டிருந்தாள். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், “ஏம்மா, இந்த மருந்து நல்லா வந்துட்டுன்னா மனுசங்களுக்குக் குடுப்பாங்களா?”

“அது இன்னும் ரொம்பத் தூரம் அண்ணாச்சி. பத்து வருசமாவது ஆகும். எலிக்குக் கேட்ட எத்தனையோ மருந்து மனுசனுக்குக் கேக்காமப் போயிருக்கு.”

“சரி, வந்துட்டுன்னு வச்சுக்கோ. ஒருத்தருக்கு எட்டு மாசத்துக்கு முன்னாடி வந்துருக்கு, அவுகளுக்குக் குடுத்தா?”

அவள் தலையை ஆட்டினாள். “அவுகளுக்கு ஒண்ணும் செய்யாது. செத்த செல்லு செத்ததுதான். அதச் சுத்தி, ரத்தம் பத்தாம, சாகவும் செய்யாம பொழைக்கவும் செய்யாம கொஞ்சம் செல்லு தவிச்சுக்கிட்டு இருக்கும் பாருங்க, அதத்தான் இது காப்பாத்தும். அதுவும் ஒரு சில மணி நேரத்துக்குள்ள. எல்லாமே நேரந்தான். யாருக்கு அண்ணாச்சி?”

“தெரிஞ்சவங்களுக்கு,” என்றேன்.

ஆவுடையைப் பற்றி அங்கே யாருக்கும் முழுசாகத் தெரியாது. வீட்டில் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

வார்த்தை எதுவும் இல்லை. எனக்கும் எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

இன்று தடிச் சோதனை. மெதுவாகச் சுழலும் தடியின்மேல் எலியை விட்டு, எத்தனை விநாடி விழாமல் நடக்கிறது என்று பார்ப்பது. தலைமஞ்சள் எண்பத்தெட்டு விநாடி நின்றது! எனக்குச் சொந்தப் பிள்ளை பரீட்சை பாஸான மாதிரி இருந்தது.

ஜுலைகாவின் முகம்தான் செத்துப்போயிற்று. சராசரி போட்டுப் பார்த்தால் ஏ-வுக்குத் தொண்ணூற்று நாலு, பி-க்குத் தொண்ணூற்று ஒன்று.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. அப்படின்னா மருந்துல சரக்கே இல்ல அண்ணாச்சி. மூணு வருசம்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பாவமாக இருந்தது. மருந்து வேலை செய்யவில்லையென்றால் நாம் என்ன செய்ய முடியும்? எலிகளாவது பிழைத்தனவே என்று நினைத்துக்கொண்டேன். கூண்டைத் துடைக்கும்போது, நான் ஊட்டிய ஐந்தின் சீட்டிலும் ஏ-வா பி-யா என்று பார்த்தேன். எழுதுவதற்கு இஷ்டமில்லை.

வார்த்தைகள்: டீச்சர். (இடம் தப்பு, என்னைப் பார்த்துச் சொன்னாள்.)

ஜூன் 22, சனி

எலிகளின் காலம் முடிந்தது. மயக்கத்திலேயே முடித்துவிடுவார்கள், வலி இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்த நேரத்தில் நான் வெளியே போய் நிற்பது வழக்கம்.

பிறகு மூளையைத் துண்டு போட்டுச் சாயத்தில் ஊறவைப்பார்கள். உயிருள்ள இடம் சிவக்கும், செத்த இடம் வெள்ளையாகவே நிற்கும். கண்ணாடித் தட்டைக் கழுவ எடுத்தபோது பார்த்தேன். பி துண்டுகளில் சுண்டுவிரல் நகமளவு வெள்ளை, ஏ துண்டுகளில் கடுகளவு. ஆவுடையின் தலைக்குள்ளும் இப்படி ஓரிடம் வெள்ளையாக இருக்கிறது என்று தோன்றியதும் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

பேராசிரியர் வேதமாணிக்கம் சார் சத்தம் போட்டது எலிக்கூடம் வரை கேட்டது. “மூளையில வித்தியாசம் தெரியுது, நடையில தெரியல. எப்படிம்மா? ஊசி போடும்போது சீசாவ மாத்திட்டியா? இல்ல விநாடிய ஒழுங்கா எழுதலையா? இத எந்த முகத்தோட நான் கொண்டுபோய் வைப்பேன்?”

வெளியே வந்த ஜுலைகா என்னிடம், “நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிருக்கேன் அண்ணாச்சி. என்னன்னுதான் தெரியல,” என்றாள். கண் சிவந்திருந்தது.

எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே தெரியும். தவித்துக் கிடந்த ஐந்தும் பி. வெள்ளை அதிகம் நின்ற பி-தான் உப்புத் தண்ணீராக இருக்க வேண்டும், அந்த எலிகளை என் கை தூக்கி நிறுத்திவிட்டது.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். “சரியாயிரும்மா” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துவிட்டேன். சொன்னால் வேலை போகும். இந்த வேலை போனால், பக்கத்துத் தெருவிலிருந்து மதியம் ஓடிவந்து ஆவுடைக்குச் சோறு ஊட்டிவிட்டு ஓட வேறு எந்த வேலை விடும்?

ஜூன் 23, ஞாயிறு

ஒரு பொய்யைத் திருத்தப் போகிறேன். முதல் நாள் வண்டி கிடைக்கவில்லை என்று எழுதியது பொய்.

அதற்கு முந்தின இரவு எங்களுக்குச் சண்டை. சங்கரன்கோவிலில் அவள் அண்ணன் புது வீடு பால்காய்ச்சினான். நான் வர முடியாது, எலிக்கு ஆள் இல்லை என்றேன். “அப்ப அந்த எலியையே கட்டிக்கிட்டு அழுங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதுதான் அவள் கடைசியாக ஒழுங்காகப் பேசிய பேச்சு.

ஆவுடைக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள். ஊர் பேர் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஒரு தடவை பதினோரு நாள். சாப்பாடு, காப்பி எல்லாம் நேரத்துக்கு வரும், தட்டு வைக்கிற சத்தத்தில்தான் கோபம் எத்தனை டிகிரி என்று தெரியும். அன்றைக்குக் காலையிலும் தோசைத் தட்டை ‘ணங்’ என்று வைத்தாள். “சட்னி இல்லையா?” என்றேன். பார்த்தாள். உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. பேசவில்லை. நமக்கு எதற்கு வம்பு, சாயங்காலம் அல்வா வாங்கி வந்து சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று எட்டரைக்குக் கிளம்பிவிட்டேன்.

பதினொரு மணிக்கு டீச்சர் போன். துணி துவைக்கிற கல் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: “கடைசியா எப்ப நல்லாப் பேசினாங்க?”

“ராத்திரி பத்து மணிக்கு.”

“காலைல?”

“காலைல பேசல.”

“அப்ப காலையிலேயே பேச்சுப் போயிருக்கலாம். அடைப்பக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரியாமப் போட்டா ஆபத்து.”

சண்டை என்று அங்கே என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியுமா, அது கோபமா வியாதியா என்று? பேச்சு போய், என்னைக் கூப்பிட வாய் வராமல் நின்றவளைத்தான் கோபம் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனேனோ? உதடு அசைந்ததே. எட்டு மாதமாக அந்த உதடுதான் கண்முன் நிற்கிறது. மூலையில் சுருண்டு கிடந்த எலிகளை ஏன் விட்டுப் போக முடியவில்லை என்று இப்போது யாருக்காவது புரியலாம்.

வார்த்தைகள் எழுத மறந்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாரும் ஜுலைகாவும் இருக்கும்போதே போய் நின்றேன். கையால் ஊட்டியது, குளுக்கோஸ் தண்ணீர், ஐந்தும் பி என்று எல்லாம். சார் ஒரு நிமிஷம் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, “இருபத்திரண்டு வருசம் சர்வீஸ் இசக்கியப்பன். உமக்கா இது தெரியாது?” என்றார்.

“தெரியும் சார். கை கேக்கல.”

ஜுலைகா அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, “அப்ப மருந்து நல்ல மருந்துதானா?” என்றாள். அப்புறம்தான் கோபம் வந்தது. “ஊட்டுனதுகூடப் பரவால்ல அண்ணாச்சி. எழுதிருக்கலாம்லா? எடை எழுதுன நோட்டுலதான ஒரு வரி? ரெண்டு நாளா என்னையே நான் சந்தேகப்பட்டேன், உங்களுக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க.”

எடை நோட்டை எடுத்து, ஏழாம் தேதிக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரியை அவள் முன்னாலேயே எழுதினேன்.

ஜூன் 26, புதன்

வேலை போகவில்லை. அனுமதி வாங்கியதில் இன்னும் பன்னிரண்டு எலி மிச்சம் இருக்கிறதாம். சார் சொன்னார், “ஆஸ்பத்திரியில படுத்த மனுசனுக்கு மட்டும் ஊட்டாமலா விடுறோம்? எல்லாத்துக்கும் ஊட்டும். ஏ, பி பேதம் இல்லாம, எலிக்கு அஞ்சு நிமிசம், அதுக்கு மேல ஒரு நிமிசம் கூடாது. எழுதணும். எலிக்கு அனுமதி குடுக்கிற கமிட்டிக்கு நான் சொல்லிக்கிறேன்.”

ஆவுடையிடம் முழுக் கதையையும் சொன்னேன், எலிக் கதையை மட்டும். தலையில் அடித்துக்கொண்டாள், இடது கையால்.

வார்த்தைகள்: ஐயோ. வெண்டைக்கா.

ஜூலை 11, வியாழன்

புது எலிகளுக்கும் குழாயைக் கட்டி அவிழ்த்தாயிற்று. ஐந்து நிமிஷம் எவ்வளவு சின்னது என்று இப்போதுதான் தெரிகிறது. நன்றாக ஓடியாடும் எலி என் விரலையே கடிக்கிறது, அதற்கும் ஐந்து நிமிஷம். முதுகுமஞ்சள் நாலு நாளாக எழவே இல்லை, பாதி வாய் தின்னும்போதே மணி அடித்துவிடுகிறது. கையை இழுத்துக்கொள்கிறேன். அது மூக்கை நீட்டித் தேடுகிறது. இதைவிடக் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

ஜுலைகா பார்த்துக்கொண்டே நின்றாள். “இப்படி ஊட்ட எங்க அண்ணாச்சி படிச்சீங்க?”

எனக்கு என்ன ஆயிற்றோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சண்டை, தோசைத் தட்டு, டாக்டர் கேள்வி, உதடு அசைந்தது வரை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக இன்னொரு மனுஷரிடம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், “மதினிகிட்டக் கேட்டீங்களா?”

“என்னத்தக் கேக்க?”

“அன்னைக்குக் காலைல பேச முடியலையா, இல்ல பேசலையான்னு. அவுகளுக்குத்தான எல்லாம் புரியுதுன்னு சொல்லுதீங்க?”

நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. ‘உன்னைக் கூப்பிட்டேன், நீ போய்விட்டாய்’ என்று அவள் கண் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு நான் எப்படி அவள் வாயில் சோறு வைப்பேன்?

ஜூலை 14, ஞாயிறு

கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

கேட்கவில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 24, புதன்

தடிச் சோதனை முடிந்தது. எது மருந்து என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைச் சார் பிரித்தார். ஏ-தான் மருந்து. அதற்குத் தொண்ணூற்று எட்டு விநாடி, பி-க்கு எழுபத்திரண்டு. “கையால ஊட்டியும் இருபத்தாறு விநாடி வித்தியாசம்மா. இது போதும், எழுத ஆரம்பி,” என்றார் சார்.

ஜுலைகா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆய்வேட்டில் நன்றி சொல்கிற பக்கத்தில் என் பேரைப் போடுவாளாம். “தப்புப் பண்ணுனவன் பேரையா?” என்றேன். “ஒத்துக்கிட்டவுக பேரை,” என்றாள். கிளம்பும்போது மெதுவாக, “கேட்டீங்களா?” என்றாள். நான் சைக்கிளைத் துடைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

தலை குளிப்பாட்டிவிட்டு, காய்ந்ததும் ஆவுடைக்குப் பின்னல் போட உட்கார்ந்தேன். எனக்குப் பின்னல் இன்னும் சரியாக வராது, கயிறு திரித்த மாதிரிதான் இருக்கும். அவள் முதுகு என் பக்கம் இருந்தது. முகம் தெரியவில்லை என்பதால் வாய் வந்தது.

“ஏட்டி, ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லணும். அன்னைக்குக் காலைல தோசைய ணங்குன்னு வச்சியே. நான் சட்னி கேட்டேன். நீ பேசல. உன்னால பேச முடியலையா?”

பின்னலில் இன்னும் ஒரு முறுக்கு போட்டேன்.

“முடியாம நின்னவளத்தான் கோவம்னு நெனச்சு விட்டுட்டுப் போயிட்டேனோன்னு எனக்கு... ஒம்பது மாசமாகப் போவுது ஆவுடை. என்னால தாங்க முடியல.”

அவள் தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டேனே என்று பின்னலை விட்டுவிட்டு முன்னால் வந்து மண்டிபோட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். வாயைத் திறந்தாள்.

“வெண்டை...”

தலையை வெடுக்கென்று ஆட்டினாள். அவளுக்கே எரிச்சல். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முயன்றாள். நான் மூச்சே விடவில்லை.

“கோ... வம்.”

“கோவமா? கோவந்தானா? பேச முடிஞ்சுதா அப்ப?”

ஆமாம் என்று தலையாட்டினாள். போதாது என்று நினைத்தாளோ என்னவோ, விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி எடுத்து, “எலி... கோவம்,” என்றாள்.

நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தது. அன்றைக்கு அவளைத் தவிக்கவிட்டு நான் போகவில்லை. நான் போகும்போது அவள் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள், முழுக் கோபத்தோடு. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. எட்டரைக்கு நன்றாக இருந்தாள் என்றால், பன்னிரண்டு மணிக்கு அந்த ஊசியைப் போடுகிற நேரம் இருந்திருக்கலாம். ஒருவேளை இந்தக் கை, இந்தப் பேச்சு...

“அப்படின்னா ஊசி—” என்று ஆரம்பித்தேன்.

இடது கையால் என் வாயைப் பொத்திவிட்டாள். கெட்டியாகப் பொத்தினாள், ரொம்ப நேரம். அவள் கையில் சீயக்காய் வாசனை. எனக்காகச் சொன்ன பொய்யோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் பொய் சொன்னதில்லை, கோபப்பட்டிருக்கிறாள். நம்புகிறேன்.

கையை எடுத்த பிறகு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சண்டையை நாங்கள் இன்னும் முடிக்கவே இல்லை. நான் அல்வாவும் வாங்கி வரவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அவள் கோபம் அப்படியே கிடந்திருக்கிறது, சொல்ல வாய் இல்லாமல்.

“தப்பு எம்மேலதான் ஆவுடை. உங்க அண்ணன் வீட்டு விசேசத்துக்கு நான் வந்திருக்கணும். வர்ற ஞாயித்துக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் போவோமா? புது வீட்டப் பாத்துட்டு வருவோம்.”

யோசித்தாள். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள், அது எனக்குத் தெரியும். பிறகு முகத்தைத் திருப்பி, பாதிப் பின்னலை முடிக்கச் சொல்லி முதுகைக் காட்டினாள்.

நாளைக்குச் சாரிடம் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்க வேண்டும்.